பத்து மணிச் சாப்பாடு எங்க போச்சு: ரெண்டு சின்னப் புள்ளைகள் இருக்கிற ஒரு வீட்டப் பத்தின நிகழ்வு ஆய்வு

சின்னவனுக்கு 13 மாசம், நிறை 8.3 கிலோ. 9 மாசத்துல எம்எம்ஆர் ஊசி போட வந்த அண்டைக்கு 8.1 கிலோ இருந்தவன், நாலு மாசத்துல வெறும் 200 கிராம்தான் கூடியிருக்கு. மாசாமாசம் நிறை குறிக்கிற நீலக் கிளினிக் கொப்பியில இருக்கிற வளர்ச்சிக் கோடு ஆறாம் மாசம் வரைக்கும் சரியான நிறையக் காட்டுற பச்சைக்குள்ள வடிவா ஏறி வந்து, மறுகா சரியத் தொடங்கி, 9 மாசத்துக்குப் பிறகு அப்படியே படுத்துட்டுது, கவனம் எண்டு சொல்ற இளம்பச்சைக்குள்ள இறங்கி இப்ப நிறை குறைவு எண்டு காட்டுற செம்மஞ்சளப் பாத்துப் போய்க்கொண்டிருக்கு. அந்த ஏரியாவ நான் குடும்பநல உத்தியோகத்தராப் பொறுப்பெடுத்த நேரம் கையில கிடைச்ச கொப்பிகள்ல இதுதான் என்னைக் கூட யோசிக்க வச்சது, ஏனெண்டா ஆள் நல்ல சுறுசுறுப்பு, சுவரப் பிடிச்சு நடக்குது, ஆரு கைய நீட்டினாலும் சிரிச்சுக்கொண்டு வருது, ஒரு வருத்தக்காரப் புள்ள எண்டு சொல்லவே ஏலாது.

டொக்டரும் பாத்தார். சிறுநீர் டெஸ்ட் எடுக்கச் சொன்னவர், இந்த வயசுல வெளியில ஒண்டும் தெரியாம உள்ளுக்க சிறுநீர்த் தொற்று இருந்தாலும் நிறை ஏறாம நிக்கும், அது இல்லையெண்டு வந்துட்டுது. ரத்தத்துல இரும்புச்சத்து கொஞ்சம் குறைவு, வேற ஒண்டும் இல்ல. அப்ப விஷயம் வீட்டுக்குள்ள, சாப்பாட்டுக்குள்ளதான் இருக்கு.

இதத் தனியா எழுதணும் எண்டு நினைச்சதுக்குக் காரணம் அந்தத் தாய். அவவுக்கு எல்லாம் தெரியும். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் குடுத்தவ, ஆறு முடிய குழையல் சோறு, பருப்பு, மரக்கறி எண்டு ஒழுங்காத் தொடங்கினவ, எந்த வயசுல எத்தின தரம் குடுக்கணும் எண்டு கேட்டா தடக்கில்லாமச் சொல்லுவா. அப்பிடி இருக்க, சொந்தக்காரர், பக்கத்து வீடு, கிளினிக் வரிசையில நிக்கிற மற்றத் தாய்மார் எல்லாரும் ஒரே கதைதான், "இன்னும் கொஞ்சம் கூடக் குடுங்க, கவனிச்சுப் பாருங்க". கேட்டுக் கேட்டு அவ அழுற நிலைக்கு வந்துட்டா. குடுக்கச் சொன்ன ஒருத்தரும் எந்த நேரத்துல, ஆர்ட கையால எண்டு அவவிட்டக் கேட்டதில்ல. நான் அதத்தான் பாக்கப் போனன். தாய் தகப்பன் ரெண்டு பேரும் எழுதுறதுக்கு ஓம் எண்டு சொன்னவங்க, பேர் போடல்ல.

வீடும் ஆக்களும்

மட்டக்களப்பு டவுன்ல இருந்து கல்முனை ரோட்டால தெற்கா வந்தா களுவாஞ்சிகுடிக்கு முன்னால களுதாவளை வரும், வெத்திலைக்கும் மரக்கறிக்கும் பேர் போன இடம், அந்தப் பக்கத்துல ஒரு வளவு. எங்கட பக்க வழக்கப்படி கலியாணத்தோட வீடு மகளுக்குப் போயிட்டுது, அம்மாவும் அப்பாவும் பின்னுக்கு ஒரு சின்ன அறையும் குசினியும் கட்டிக்கொண்டு இருந்தாங்க, அப்பா இப்ப இல்ல. ஆகவே வளவுக்குள்ள தாய், தகப்பன், அம்மம்மா, நாலு வயசு மூத்தவ, இந்தச் சின்னவன். தகப்பனுக்கு வெத்திலைத் தோட்டம், அதோட கத்தரி, பயித்தை, மிளகாய். வெத்திலைக்கு ஒரு நாள் தண்ணி விடாட்டியும் வாடிப்போகும், அதால அவருக்கு லீவு எண்டு ஒண்டு இல்ல. மாரி காலத்துல பட்டிருப்புப் பாலத்தால அங்கால படுவான்கரையில கொஞ்சம் வெள்ளாமையும் செய்யிறார்.

இத நான் சொல்றது ஏனெண்டா கைகள் எத்தின இருக்கு எண்டு பாக்க. வெளியில இருந்து பாக்கிறவங்களுக்கு மூண்டு பெரிய ஆக்கள், ரெண்டு சின்ன ஆக்கள், என்ன கஷ்டம் எண்டுதான் தோணும்.

ஒரு நாள் எப்படிப் போகுது

விடிய நாலரைக்கு தகப்பன் தோட்டத்துக்கு. அஞ்சுக்குத் தாய் எழும்பி பிட்டுக் குழைச்சு வச்சு, ஆறு மணிக்கு ரெண்டு புள்ளையும் எழும்பினா அம்மம்மா பிளேன்ரீ போட்டு மாரி பிஸ்கட்டத் தோச்சு ரெண்டு பேருக்கும் குடுப்பா, சின்னவனும் ரெண்டு மூண்டு பிஸ்கட் சாப்பிட்டுடுவான், அது வயித்துல ஊறி நிறைஞ்சிடும், தேயிலைச் சாயம் சாப்பாட்டுல இருக்கிற இரும்புச்சத்தையும் உடம்புல சேர விடாது. ஆறரையில இருந்து மூத்தவவுக்கு ஊட்டுறது. ஊட்டுறது எண்டா முக்கால் மணித்தியாலம், போனை உப்புப் போத்தல்ல சாத்தி வச்சு காட்டூன் போட்டு, ஒரு வாய், மறுகா அஞ்சு நிமிஷம், மறுகா ஒரு வாய். அந்த முக்கால் மணித்தியாலமும் சின்னவன் தாய்ட இடுப்புல. நடுவுல ஒரு கிள்ளுப் பிட்டு அவன்ட வாய்க்குப் போகும், அழுதா பால் போகும், அதோட காலமச் சாப்பாடு முடிஞ்ச மாதிரி.

ஏழே முக்காலுக்கு நேசரி. மூத்தவவக் கையில பிடிச்சு சின்னவன இடுப்புல வச்சுக்கொண்டு நடந்து போய் விட்டிட்டு வரக்குள்ள அவன் தோள்லயே நித்திரையாகிடுவான். வந்து படுக்க வச்சா பத்தரை வரைக்கும் நித்திரை. தாய்க்கு அந்த நேரம்தான் உடுப்புத் தோய்க்க, மீன் வெட்ட, சமைக்க. அவன் எழும்பினா பசி, ஆனா சோறு இன்னும் இறக்கல்ல, அதால பால். பதினொண்டேகாலுக்குத் திரும்பவும் அவனத் தூக்கிக்கொண்டு நேசரிக்கு. பத்து மணிக்கு வரவேண்டிய ஒரு சாப்பாடு அந்த வீட்டுல இல்லவே இல்ல, அது இல்லையெண்டு ஒருத்தருக்கும் தெரியவும் இல்ல, ஏனெண்டா புள்ள நித்திரை, நித்திரைப் புள்ளைக்கு ஆரு சாப்பாடு தேடுவா.

பகல் பன்ரெண்டரைக்கு சோறு. முதல்ல மூத்தவ, அதே போன், அதே முக்கால் மணித்தியாலம். சின்னவன்ட முறை வரக்குள்ள ஒண்டே கால், கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல அந்த நேரம் வீட்டுக்குள்ள இருக்கவே ஏலாது, வேர்த்து வழிஞ்சு சிணுங்கிக்கொண்டிருக்கிற புள்ளைக்கு சொதி நிறைய விட்டுத் தண்ணியாக் கரைச்ச சோறு நாலஞ்சு கரண்டி. மறுகா மூஞ்சையத் திருப்பிடுவான். பால், நித்திரை. நாலு மணிக்குத் திரும்ப பிளேன்ரீ. தகப்பன் காலம பத்துக்கு வந்து சாப்பிட்டுப் படுத்து மூணு மணிக்குத் தோட்டத்துக்குப் போனா இருட்டினாப் பிறகுதான் வருவார், ராச்சாப்பாடு அவர் வந்து எட்டு மணிக்கு, சின்னவன் ஏழுக்கே நித்திரை.

கணக்குப் பாத்தா அந்தப் புள்ளைக்கு உள்ள போற உண்மையான சாப்பாடு ஒரு நாளைக்கு ஒண்டரைதான். உலக சுகாதார ஸ்தாபனம் 9 மாசத்துல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் தாய்ப்பாலோட மூண்டு நாலு தரம் சாப்பாடும், அதுக்கு நடுவுல ஒண்டு ரெண்டு தரம் சிற்றுண்டியும் சொல்லுது. இந்த வயசு வயிறு உடம்பு நிறையில கிலோவுக்கு 30 மில்லிதான் பிடிக்கும், 8 கிலோப் புள்ளைக்கு 240 மில்லி, ஒரு தேத்தண்ணிக் கோப்பையளவு. ஒரு தரத்துல கூடக் குடுங்க எண்டு சொல்லிப் பிரயோசனம் இல்ல, பிடிக்காது. எத்தின தரம், எவ்வளவு தடிப்பா எண்டதுதான் கணக்கு.

கிளினிக்கால இலவசமாக் குடுக்கிற சத்துமா திரிபோஷாவும் குடுத்திருந்தது, மாசம் ரெண்டு பக்கெட், ஒண்டு 750 கிராம், நாளுக்கு 50 கிராம் வரும். வீட்டுல அது தேங்காப்பூவும் சீனியும் போட்டு உருண்டையாகி மூத்தவவுக்கு, நேசரிக்கு, வாற போற புள்ளைகளுக்கு, அம்மம்மாவுக்கும் ஒண்டு. இதக் குறை சொல்ல எனக்கு மனமில்ல, 1970கள்ல வந்ததுல இருந்து எங்கட வீடுகள்ல திரிபோஷா உருண்டை அப்பிடித்தான், ஒரு புள்ளைக்கு மட்டும் குடுத்து மற்றதப் பாக்க வைக்கிறது ஒரு தாயாலும் ஏலாத காரியம். ஆனா சின்னவனுக்கு வாயில பல்லு நாலுதான், உருண்டைய அவன் நக்கிப்போட்டு வச்சிடுவான், அவன்ட பங்கு மற்றவங்களுக்குப் போயிட்டுது.

மூத்தவ

இந்த ஆய்வுல நான் கூட நேரம் இருந்து பாத்தது சின்னவன இல்ல, மூத்தவவ. நாலு வயசு, நேசரியில தானே தட்டுல சாப்பிடுறாவாம், ரீச்சர் சொன்னவ. வீட்டுல மட்டும் வாயத் திறந்துகொண்டு இருப்பா. அம்மம்மா அதுக்கு "தம்பி வந்த பொறாமை, வேறொண்டும் இல்ல" எண்டு முடிச்சிடுவா.

பக்கத்துல இருந்து பாத்தா வேற மாதிரி. போன் ஓடிக்கொண்டிருக்கும், ஆனா அவட கண் பாதி நேரம் அதுல இல்ல. ஒரு கையால தாய்ட சட்டைத் தலைப்ப முறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, வாய் நிறையப் பிட்டோட, நேசரியில ஆரு ஆருக்கு அடிச்சது, ஆர்ட பென்சில் உடைஞ்சது எண்டு சொல்லிக்கொண்டே இருப்பா. தாய் "ம்ம், ம்ம், முழுங்குங்க" எண்டுவா. தாய் அவவுக்கு முன்னால இருக்கிற ஒரே நேரம் அந்த ஊட்டுற நேரம்தான், மற்ற நேரம் எல்லாம் தாய்ட முதுகும் இடுப்புல தம்பியும்தான் அவவுக்குத் தெரியும். அப்ப அந்த நேரத்த இழுக்கத்தானே பாக்கும் புள்ள, நானெண்டாலும் இழுப்பன். மெதுவா மெண்டா அம்மா கூட நேரம் இருப்பா. அது பொறாமைக் கணக்கு இல்ல, நாலு வயசுல ஒரு ஆளுக்கு இருக்கக்கூடிய நல்ல புத்தி.

இப்ப ரெண்டையும் சேத்துப் பாருங்க. மூத்தவ தன்ட தாய்க்காக இழுக்கிற முக்கால் மணித்தியாலமும் சின்னவன்ட சாப்பாட்டுக்கு உரிய நேரம். ரெண்டு புள்ளையிலயும் பிழையில்ல, தாயிலயும் பிழையில்ல, இருக்கிறது ஒரு சோடிக் கை.

என்ன மாத்தினது

முதல்ல மாத்தினது நேசரிக்குப் போற வழி. பக்கத்து வளவு மாமிட பேரனும் அதே நேசரிதான், விடியப் போகக்குள்ள மூத்தவவயும் கூட்டிப் போக மாமி உடனே சம்மதிச்சிட்டா, கேக்க வெக்கப்பட்டுக்கொண்டு இவ்வளவு நாளும் இவ கேக்கல்ல. கூட்டி வாறதுக்குத் தகப்பன். அவர் முதல்ல, "மிஸ், நான் பத்துக்கு வந்து ஒரு கண் நித்திரை கொண்டாத்தான் பின்னேரம் தோட்டத்துல நிக்க ஏலும்" எண்டார், அது நியாயம், நாலரைக்கு எழும்பின மனுஷன். பதினொண்டேகால் வரைக்கும் படுங்க, மறுகா மோட்டர் சைக்கிள்ல அஞ்சு நிமிஷம் எண்டு கதைச்சு ஒத்துக்கொண்டார். இதால தாய்க்கும் சின்னவனுக்கும் ஒரு முழுக் காலம கிடைச்சது, அவன் தோள்ல நித்திரையாகிறதும் நிண்டுட்டுது. எட்டரைக்குப் படுத்து ஒன்பதரைக்கு எழும்பி பத்து மணிக்கு ஒரு சாப்பாடு. அவிச்ச முட்டையும் வத்தாளங்கிழங்கும் மசிச்சு, இல்லாட்டி அவன்ட பங்குத் திரிபோஷாவ சுடுதண்ணி விட்டுத் தடிப்பாக் குழைச்சு, கதலிப்பழம் போட்டு. ரெண்டாவது பக்கெட் தனியா ஒரு மூடி டின்னுக்குள்ள போயிட்டுது, முதல் பக்கெட்டுல உருண்டை எல்லாருக்கும்.

பிளேன்ரீ விஷயம் அம்மம்மாவோட. "எட்டுப் புள்ள பெத்தவ நான், எல்லாத்துக்கும் தேத்தண்ணி குடுத்துத்தான் வளத்தன்" எண்டு ஆள் மூஞ்சையத் தூக்கிட்டா. நிப்பாட்டச் சொல்லி வாதாடப் போகல்ல நான். சின்னவன்ட மீன் சாப்பாட்ட உங்கட பொறுப்புல தாறன் அம்மா, உங்கட கையாலதான் முள்ளு எடுக்க ஏலும் எண்டு சொன்னன். அதுவரைக்கும் மீனே பெரிசாக் குடுக்கல்ல, கிரந்தி எண்டு பயம், அவட மகன் ஒருத்தருக்குச் சின்னதுல மேலெல்லாம் சிரங்கு போட்டு அந்த நேரம் பட்ட பாடு அவவுக்கு இன்னும் மனசுல. எந்த மீன் கிரந்தி எண்டு அவவிட்டயே கேட்டன். "சூரையும் இறாலும் கணவாயும்தான், பாரையும் செல்வனும் ஒண்டும் செய்யாது" எண்டா. சரி, அப்ப பாரையும் செல்வனும். இரும்புச்சத்துக்கும் நல்லம், நிறைக்கும் நல்லம், வாவி பக்கத்துல கிடக்கு, செல்வன் கிடைக்காத ஊரா இது. மேலுக்கு ஒண்டும் வரல்ல. பிஸ்கட்டும் பிளேன்ரீயும் தானாக் குறைஞ்சு அந்த இடத்துல ஒரு துண்டு வாழைப்பழம் வந்துட்டுது.

ஒரு பகல் நான் போகக்குள்ள மாமரத்துக்குக் கீழ பாய் போட்டு இருக்கிறாங்க, உள்ளுக்க வெக்கை. அம்மம்மா ஒரு கிண்ணத்துல சோறு, முருங்கையிலை போட்ட பருப்பு, பாரை மீன் துண்டு எல்லாத்தையும் விரலால குழைச்சு, மீன் சதைய ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு உருட்டி உருட்டிப் பாக்கிறா, முள்ளு இருந்தா அந்த விரலுக்குத் தெரியும், எடுத்துச் சோத்துக் கோப்பைட விளிம்புல ஒட்டி வைக்கிறா. சொதி இப்ப நனைக்க மட்டும்தான், கரண்டியச் சரிச்சா வழியாம நிக்கிற தடிப்புல சோறு, மேல ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய். எதிர்ல மூத்தவ தன்ட சின்னத் தட்டோட. "இந்தா மனே, வாயத் திற" எண்டு அம்மம்மா நீட்டினா சின்னவன் தலையத் திருப்பிட்டு அக்காட தட்டுல கைய விட்டு ஒரு பிடி சோறு அள்ளினான். மூத்தவ கத்தப் போறா எண்டு நினைச்சன். அவ தட்டக் கிட்டத் தள்ளி, "அப்பிடி இல்ல தம்பி, இப்பிடிச் சாப்பிடணும்" எண்டு வாய அகலத் திறந்து காட்டினா, அவனும் அப்பிடியே திறந்தான், அந்த இடைவெளிக்குள்ள அம்மம்மா ஒரு வாய் வச்சிட்டா. ஆக்களோட ஒண்டா இருந்து சாப்பிடுற புள்ள கூடச் சாப்பிடும் எண்டு நாங்க சொல்லிக்கொண்டுதான் திரியிறம், அத நாலு வயசு ஆள் செஞ்சு காட்டினா.

ஆனா மூத்தவவ இதுக்குக் கொண்டுவந்தது லேசா நடக்கல்ல. ஊட்டுறத நிப்பாட்டின முதல் கிழமை தட்டத் தூக்கி எறிஞ்சா, ராவுல படுக்கையில சிறுநீர் போனா. சாப்பாட்டுல இருந்த தாய எடுத்தா வேற இடத்துல குடுக்கத்தான் வேணும். மத்தியானம் சின்னவன் நித்திரையான பிறகு, மூணு மணி போல, திண்ணையில இருந்து தலை இழுத்து, பேன் பாத்து, எண்ணெய் வச்சுப் பின்னுறது எண்டு ஒழுங்கு பண்ணினம். தாய்ட மடியில தலை, போன் உள்ளுக்க. அந்த நேரம் நேசரிக் கதை முழுக்க வரும். சின்னவன் எழும்பினா அம்மம்மா தூக்கணும், தாய் எழும்பக் கூடாது, இதுல நான் கண்டிப்பா நிண்டன். ரெண்டாம் கிழமை முடியக்குள்ள படுக்கை நனையிறது குறைஞ்சு, போனக் கேக்கிறதும் குறைஞ்சுட்டுது.

ராவைக்குத் தகப்பனப் பாத்துக்கொண்டிருக்காம ஆறரைக்கு விளக்கு வைக்க முதல் புள்ளைகள் ரெண்டுக்கும் சாப்பாடு. ஒரு வயசு தாண்டினதால முதல்ல சாப்பாடு, பிறகு தாய்ப்பால், அதையும் மாத்தினா தாய், ரெண்டு வயசு வரைக்கும் குடுக்கப் போறா. நடுவுல அம்மம்மா பார்வை பாத்து ஒரு கறுப்பு நூலும் கட்டிவிட்டா, நாவூறு பட்டிருக்கு எண்டு. அது இடுப்புல இருந்துட்டுப் போகட்டும், அவவும் புள்ளைக்காகத்தானே ஓடித் திரியிறா.

நிறை

14 மாசத்துல 8.4. தாய்ட மூஞ்சி வாடிட்டுது, இவ்வளவு பாடுபட்டு 100 கிராமா எண்டு. அந்த மாசம் ஒரு கிழமை காய்ச்சலும் தடிமனும், அதுக்குள்ள 100 ஏறினதே பெரிய காரியம் எண்டு சொல்லி அனுப்பினன். 15ல 8.8. 16ல 9.1. 18 மாசத்துல முக்கூட்டு ஊசியும் போலியோவும் குடுக்க வந்த நேரம் 9.7, பச்சைக்குள்ள போக இன்னும் 100 கிராம்தான், கோடு நிமிர்ந்துட்டுது. முட்டையா, மீனா, பிளேன்ரீ நிண்டதா, எது கூட வேலை செஞ்சது எண்டு பிரிச்சுச் சொல்ல ஏலாது, எல்லாம் ஒண்டாத்தான் மாறினது. என்னைக் கேட்டா பத்து மணிச் சாப்பாடு. அது வந்த பிறகுதான் பகல் சோத்துக்கு அவன் அழாம இருந்தான், களைச்சுப் பசிச்ச புள்ளைக்குச் சாப்பிடவும் பெலன் வேணும்.

இன்னும் சரிவராதது ஒண்டு இருக்கு. ஐப்பசி பிறந்தா தகப்பன் மாரி வெள்ளாமைக்கு படுவான்கரைக்குப் போய் வயல்வாடியில நிக்கத் தொடங்கிடுவார், மூத்தவவ பதினொண்டரைக்கு ஆரு கூட்டி வாறது, தண்ணி விடத் தோட்டத்துக்கு ஆரு போறது எண்டு ரெண்டும் ஒண்டா வருது. தாய் தோட்டத்துக்கு இறங்கினா பழையபடி காலம முழுக்கப் போயிடும். மாமிட மகன் தண்ணி மோட்டர் போட ஓம் எண்டிருக்கிறார், நேசரியால கூட்டி வாறத மாமியே ரெண்டு நேரமும் செய்யிறன் எண்டிருக்கிறா, ஆனா மழை பெய்ஞ்சா அவவுக்கு முழங்கால் ஏலாது. புரட்டாசிக் கடைசியில போய் அதக் கதைச்சு முடிவெடுக்கணும், அந்த நேரம் மூத்தவட கொப்பியையும் கொண்டுவரச் சொல்லியிருக்கன், அவவயும் நிறுத்துப் பாத்து மூணு மாசமாச்சு.